பின் டயருக்கு எவ்வளவு காற்று

"தங்கச்சி, நீ சைக்கிள்ல எவ்ளோ தூரம் போயிருக்கே?"

பஷீர் பாய் இதைக் கேட்டபோது நான் தரையில் குந்தி உட்கார்ந்து, அவருடைய பின் சக்கரத்துக்குக் கீழே வைத்திருந்த பாத்ரூம் தராசின் முள்ளைப் படிக்க முயன்றுகொண்டிருந்தேன். முள் ஆடியது. சைக்கிள் மேல் இருந்த பாய் ஆடியதுதான் காரணம்.

"வீட்டுலருந்து இந்தக் கடைக்கு வருவனுங்க. ரெண்டு மைல்."

"நானூறு மைல் போறவனுக்கு ரெண்டு மைல்காரி டயர் சொல்றே."

"ஆடாம இருங்க பாய். நீங்க ஆட ஆட எட்டு பவுண்டு ஏறி ஏறி எறங்குது."

அந்தக் கேள்விக்கு நான் அன்று சொன்ன பதில் அவ்வளவுதான். சரியான பதிலைத் தயாரிக்க நான்கு ஆண்டுகள் ஆயின.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் 'பணி நிறைவு பெற்றோர் பக்கம்' என்று ஒரு பகுதி உண்டு. இந்த 2009ஆம் ஆண்டில் அதற்கு எழுத ஆள் கிடைக்கவில்லை. ஃப்ரீமான்ட்டிலிருந்து குபெர்டினோ வரை பாதிப் பேர் வேலையில்லாமல் வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் கேட்டால் எல்லோரும் 'கன்சல்டிங் பண்றேன்' என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் நான். எனக்கு முப்பத்து மூன்று வயது என்பதை மலர்க் குழுவினர் பெரிதுபடுத்தவில்லை. எழுதித் தந்தால் போதும் என்றார்கள்.

நான் திருச்செங்கோட்டுக்காரி. என் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்துக்குள் போனதில்லை. நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா வாங்கினேன். இதைச் சொல்லும் வாய்ப்பு எதையும் நான் விடுவதில்லை, இப்போதும் விடவில்லை. 2001இல் கல்யாணமாகி சான்டா கிளாராவுக்கு வந்தேன். இரண்டு ஆண்டுகள் வேலை செய்ய விசா அனுமதிக்கவில்லை. அபார்ட்மென்டில் இருந்த எல்லா மிக்ஸிகளையும் கழற்றி மாட்டினேன். 2003இல் ஒர்க் பர்மிட் வந்த வாரமே எல் கமினோ சாலையில் இருந்த ஒரு சைக்கிள் கடையில் சேர்ந்தேன். "காத்தடிக்கவா டிப்ளமா படிச்சே" என்று கேட்டவர்களின் பட்டியல் நீளம். அவர்கள் எல்லோருடைய கார் டயரிலும் காற்று குறைவாகவே இருந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். முதல் ஓராண்டு குழந்தைகள் சைக்கிளுக்குப் பயிற்சிச் சக்கரம் மாட்டினேன். அதில் எழுத ஒன்றுமில்லை.

கடைக்காரர் பெயர் டக். பழைய பந்தய வீரர். ஐம்பது வயதிலும் பந்தயக்காரர்கள் மாதிரி கால் முடியைச் சவரம் செய்துகொள்பவர். கோபம் வந்தால் கத்தமாட்டார். மேஜையில் பொருத்தியிருக்கும் 'வைஸ்' என்ற இரும்புப் பிடியைத் துடைக்க ஆரம்பிப்பார். ஏற்கெனவே பளபளக்கும் பிடியை ஒருவர் ஐந்து நிமிடம் துடைத்தால் நாம் ஏதோ பெரிய தப்பு செய்திருக்கிறோம் என்று பொருள். கட்டளைகளை மாஸ்கிங் டேப்பில் எழுதி, அதைச் சம்பந்தப்பட்ட பொருளின் மேல் ஒட்டுவார். ஒருமுறை என் மதிய உணவு டப்பாவின் மேல் 'ஜன்னலோரம்' என்று ஒட்டியிருந்தது. உள்ளே கருவாடு இருந்தது. எனக்கு வருத்தமில்லை, ஜன்னலோரம் காற்று நன்றாக வரும்.

டக்குக்கு ஒரே வேதம்: டயர் ஒல்லியாக இருக்க வேண்டும், கல் மாதிரி இறுகியிருக்க வேண்டும். இருபத்து மூன்று மில்லிமீட்டர் அகலம், நூற்றிருபது பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று. பந்தயத்துக்குப் போகிறவருக்கும் அதேதான், பத்து நாள் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவருக்கும் அதேதான்.

நம்மவர்களுக்கு இது ரொம்பப் பிடித்தது. டயரின் பக்கவாட்டில் 'அதிகபட்சம்' என்று ஓர் எண் அச்சடித்திருக்கும். அதற்கு மேல் அடிக்காதே என்பதற்கான எண் அது. தமிழ் இன்ஜினியர் அதை மதிப்பெண்ணாகப் படிப்பார். நூற்றுக்கு நூறு வாங்க வழி இருக்கும்போது எழுபத்தைந்தோடு நிற்க அவருக்கு மனசு வராது. "கம்பெனிக்காரனே நூத்திப் பதினஞ்சு போட்டிருக்கான், நாம ஏங்க கொறைக்கணும்" என்று ஒருவர் என்னிடமே கேட்டார். பஷீர் பாய்தான்.

அவர் கீழக்கரைக்காரர். நெட்வொர்க் இன்ஜினியர். அவருடைய மகள் லாஸ் ஏஞ்சலஸில் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். "வாப்பா சைக்கிள்லயே உன்னைப் பாக்க வாரேன்" என்று சொல்லியிருக்கிறார். மகள் ஆங்கிலத்தில், "மான்டரேயிலேயே பஸ் ஏறிடுவீங்க" என்றிருக்கிறாள். அது கால்வாசி தூரம்கூட இல்லை. வாப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கூட வேலை செய்தவரிடம் மூட்டையோடு நெடுந்தூரம் போவதற்கான ஒரு பழைய டூரிங் சைக்கிளை வாங்கிக்கொண்டு 2005 ஏப்ரலில் கடைக்கு வந்தார். அதில் இருபத்தெட்டு மில்லிமீட்டர் டயர், உள்ளே அதிகபட்சக் காற்று. கடைவாசல் வரை வந்ததிலேயே முதுகு வலிக்கிறது என்றார்.

டயர் சமாசாரம் உண்மையில் எளிது. சைக்கிளையும் ஆளையும் மூட்டையையும் தாங்குவது டயர் அல்ல, அதற்குள் இருக்கும் காற்று. எடை கூடினால் காற்றின் அழுத்தம் கூட வேண்டும். அகலமான டயரில் காற்றுக்கு இடம் அதிகம், அதனால் குறைந்த அழுத்தத்திலேயே அதே எடையைத் தாங்கும். அப்படிக் குறைத்தால் ரோட்டின் குழியை டயர் வாங்கிக்கொள்ளும். குறைக்காவிட்டால் உங்கள் முதுகு வாங்கிக்கொள்ளும். ரொம்பக் குறைத்தால் வேறு வம்பு: கல்லோ பள்ளமோ வரும்போது டயர் முழுக்க நசுங்கி, ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே ட்யூப் மாட்டி, பல் பட்ட மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் விழும். இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் எண் இருக்கிறது. அது ஆளுக்கு ஆள் வேறு, முன் சக்கரத்துக்கு வேறு, பின் சக்கரத்துக்கு வேறு. அளந்தால்தான் தெரியும்.

அளக்க நான் கண்டுபிடித்த முறை இது. வீட்டு பாத்ரூமிலிருந்து எடை பார்க்கும் தராசைக் கடைக்குக் கொண்டுவந்தேன். அதே உயரத்துக்கு ஒரு பலகை. பின் சக்கரம் தராசின் மேல், முன் சக்கரம் பலகையின் மேல். ஆள் ஏறி உட்கார்ந்து, ஓட்டும்போது கை வைக்கும் இடத்தில் ஒரு கையை வைக்க வேண்டும். மறு கையின் இரண்டே விரலால் சுவரைத் தொட்டுக்கொள்ளலாம். சாய்ந்தால் எடை சுவருக்குப் போய்விடும். முள்ளைப் படித்து எழுதிவிட்டு, தராசையும் பலகையையும் இடம் மாற்றி முன் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். பிறகு அளவுகோலை வைத்து, ஆள் ஏறாதபோது ரிம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், ஏறிய பிறகு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். டயரின் உயரத்தில் ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக அமுங்கினால் காற்று சரி. அமுங்கவே இல்லை என்றால் திறந்துவிடு. அதற்கு மேல் அமுங்கினால் அடி.

டக் இதைப் பார்த்துவிட்டு இரும்புப் பிடியைத் துடைத்தார்.

"இது சைக்கிள் கடை. டாக்டர் வீடு இல்லை" என்றார்.

"எடை பாக்காம எப்படிக் காத்தடிக்கிறது?" என்றேன். என் இங்கிலீஷில் இதைவிட மரியாதையாக வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

வெகுநேரம் துடைத்துவிட்டு ஒரு பேரம் பேசினார். பஷீர் இந்தக் காற்றோடு லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர்ந்தால், கடைக்கு வரும் டூரிங் சைக்கிள் எல்லாம் இனி என் மேஜைக்கு. வழியில் ஏதாவது ஆனால் தராசு என் பாத்ரூமுக்கும் நான் பயிற்சிச் சக்கரத்துக்கும் திரும்ப வேண்டும். இரண்டாண்டு காத்திருந்து கிடைத்த மேஜை அது.

பாய்க்கு முப்பத்தேழு மில்லிமீட்டர் டயர் மாட்டினேன். மட்கார்டைக் கழற்றியதும் இடித்துப் பிடித்து உள்ளே போனது. அதன் மேல் அச்சடித்திருந்த அதிகபட்சம் எண்பத்தைந்து. பயணத்துக்கான பைகளைப் பின்னால் தொங்கவிட்டிருந்தார், காலியாக.

"பையில என்ன வரும் பாய்?"

"ரெண்டு துணி, ஒரு டென்ட்டு. அவ்ளோதான்."

"எத்தன பவுண்டு இருக்கும்?"

"இருவது போட்டுக்க."

போட்டுக்கொண்டேன். இருபது பவுண்டுக்குக் கடையின் டயர் பெட்டிகளைக் கேரியரில் கட்டி எடை பார்த்தேன். பின்னால் நூற்று முப்பத்தெட்டு, முன்னால் எழுபத்தொன்பது. பின் டயருக்கு அறுபத்தைந்து பிஎஸ்ஐ, முன் டயருக்கு நாற்பத்திரண்டு. பார்க்கிங்கில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்த பாய், "மெத்த மேல போற மாரி இருக்கு" என்றார். டக் அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

பாய் புதன்கிழமை காலை கிளம்பினார். சனிக்கிழமை மதியம் கடையில் போன் அடித்தது. பிக் சர் தாண்டி, மலைக்கும் கடலுக்கும் நடுவே செல்போன் எடுக்காத இடம். ஒரு விடுதியின் போனிலிருந்து பேசினார். அன்றைக்கு மட்டும் மூன்று பஞ்சர், மூன்றும் பின் டயர். கையிலிருந்த இரண்டு ட்யூபும் போய்விட்டன.

டக் ரிசீவரை என்னிடம் தந்துவிட்டு ஒரே ஒரு சொல் சொன்னார். "அறுபத்தைந்து."

என் வீட்டுக்காரர் செந்தில் சாப்ட்வேரில் தப்பு கண்டுபிடிக்கும் வேலை பார்ப்பவர். சனிக்கிழமையும் அதையேதான் செய்வார். காரில் ட்யூப்களையும் பம்பையும் ஏற்றினேன். தராசையும் பலகையையும் ஏற்றினேன்.

"ஏம்மா கலை, தராசு எதுக்கு? அவரு அங்க எளச்சுட்டாரான்னு பாக்கவா?"

"ஓட்டுங்க."

"கஸ்டமர் பஞ்சருக்கு மூணு மணி நேரம் ட்ரைவ் பண்ற மெக்கானிக்க நான் பாத்ததே இல்ல."

"நீங்க மெக்கானிக்கயே பாத்ததில்லீங்க. ஓட்டுங்க."

பாய் அந்த விடுதிக்குப் பக்கத்தில், ரோட்டோரம் வண்டிகள் ஒதுங்கும் இடத்தில், சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பாறை மேல் உட்கார்ந்திருந்தார். பயணத்தைப் பாதியில் விட மனசில்லாத முகம். என்னைப் பார்த்ததும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. நான் ட்யூபை வாங்கி, காற்றடித்து, காதருகில் வைத்துத் தேடினேன். இரண்டு கீறல், பக்கத்தில் பக்கத்தில். அடுத்த ட்யூபிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். ஆணி இல்லை, கண்ணாடி இல்லை. காற்று போதவில்லை.

அதாவது என் எண் தப்பு.

"பாய், பையத் தொறங்க" என்றேன்.

"அது வந்து, தங்கச்சி, வீட்ல கொஞ்சம் சாமான் குடுத்துவிட்டாஹ. புள்ளைக்கு."

திறந்தார். ஒரு ரைஸ் குக்கர். பத்து பவுண்டு பொன்னி அரிசி. கறி மசாலா, மீன் மசாலா, ரசப்பொடி தனித்தனி டப்பாக்களில். மாங்காய் ஊறுகாய் கண்ணாடி பாட்டிலில். கருவாடு, மூன்று கவருக்குள். ஒரு இட்லித் தட்டு. அடியில் ஒரு சின்ன அம்மிக் குழவி.

"கொழவி எதுக்குங்க?" என்றார் செந்தில்.

"பூண்டு தட்ட. அந்த ஹாஸ்டல்ல கெடைக்காதாம்."

"அம்மி?"

"அது போன மாசமே பிளைட்ல போயிருச்சு."

நம் வீடுகளிலிருந்து ஒரு ஆள் ஓரிடத்துக்குப் போகிறார் என்றால் அவர் பயணி அல்ல, பார்சல். இது எனக்குத் தெரியாதா? நான் சான் பிரான்சிஸ்கோவில் வந்து இறங்கியபோது என் பெட்டியில் யாரென்றே தெரியாதவர்களுக்கு நான்கு கிலோ முறுக்கு இருந்தது.

சட்டைப் பையிலிருந்து வேலைச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். எல்லா எண்ணும் என் கையெழுத்து. பின்னால் 138, முன்னால் 79, மூட்டை 20. முதல் இரண்டும் தராசில் படித்தவை. மூன்றாவது பாயின் வாயில் கேட்டது. மூன்றையும் ஒரே வரிசையில், ஒரே நம்பிக்கையோடு எழுதியிருந்தேன்.

பாலிடெக்னிக்கில் படித்தவர்களுக்கு இது பழக்கமான குற்றம். லேபில் மிஷின் ஒழுங்காக ஓடாது. விடை என்ன வர வேண்டும் என்று சீனியரின் ரெக்கார்டு நோட்டில் இருக்கும். அதிலிருந்து பின்னாலேயே வந்து ரீடிங்கை எழுதிவிடுவோம். அளந்ததும் இட்டுக்கட்டியதும் ஒரே பேனாவில், ஒரே கட்டத்தில் இருக்கும். கையெழுத்து அழகாக இருந்தால் பத்துக்குப் பத்து. அளக்காமல் காற்றடிக்கக் கூடாது என்று டக்கிடம் சண்டை போட்டவள், 'தங்கச்சி' என்று கூப்பிட்ட மனிதரிடம் 'பையை ரொப்பிக்கொண்டு வாங்க' என்று சொல்லக் கூச்சப்பட்டு, ரெக்கார்டு நோட்டு எழுதியிருக்கிறேன்.

தராசை ரோட்டோரம் சமமான இடமாகப் பார்த்து வைத்தேன். சுவர் இல்லாததால் செந்தில் சுவராக நின்றார். பாய் ஏறி இரண்டு விரலால் அவர் தோளைத் தொட்டுக்கொண்டார். கடலைப் படமெடுக்க வந்த டூரிஸ்டுகள் எங்களைப் படமெடுத்தார்கள்.

பின்னால் நூற்று எழுபத்தைந்து. முன்னால் எழுபத்தாறு. முப்பத்து நான்கு பவுண்டு சமையலறை.

"அப்ப எவ்ளோ காத்து வேணும்?" என்றார் பாய்.

கணக்குப் போட்டேன். எண்பத்திரண்டு.

"மேக்ஸிமம் எண்பத்தஞ்சு. நான் மொதல்லயே சொன்னேன்ல, மேக்ஸிமம் அடின்னு."

செந்தில் சுவராக இருப்பதை மறந்து சிரித்ததில் பாய் விழப் பார்த்தார்.

எண்பத்திரண்டு அடித்தால் மறுபடியும் முதுகு போய்விடும். அரிசியை இறக்கச் சொன்னேன்.

"எல்.ஏ.ல அரிசி கெடைக்கும் பாய்."

"பொன்னி கெடைக்குமா?"

"கெடைக்கும்."

"உம்மா குடுத்த அரிசியான்னு கேப்பாளே."

"கேக்க மாட்டா. நீங்க கேப்பீங்க."

அரிசி எங்கள் காருக்கு வந்தது. பொடி டப்பாக்களையும் குழவியையும் முன்னால் ஹேண்டில் பாரில் தொங்கிய பைக்குள் மாற்றினேன். குக்கர் பின்னாலேயே இருந்தது, அதைத் தொட அவர் விடவில்லை. மறுபடி தராசு. பின்னால் நூற்று ஐம்பத்தெட்டு, முன்னால் எண்பத்து மூன்று. பின் டயருக்கு எழுபத்து நான்கு, முன் டயருக்கு நாற்பத்து நான்கு. ரிம் எவ்வளவு இறங்குகிறது என்று இரண்டு முறை பார்த்தேன். சீட்டில் பழைய எண்களை அடித்துவிட்டுப் புதியதை எழுதினேன்.

"பாய், தப்பு என்மேலதான். ரொப்பின பையோட எடை பாத்திருக்கணும்."

"நாந்தானே இருவதுன்னு சொன்னேன்."

"நீங்க சொல்லுவீங்க. எழுதினது நான்."

அவர் கிளம்பி வளைவில் மறையும்வரை நின்றேன். பெரிய மனசு என்று நினைக்க வேண்டாம். இன்னொரு பஞ்சர் ஆனால் மூன்று மணி நேரம் திரும்ப வர வேண்டுமே என்றுதான்.

திங்கட்கிழமை டக்கிடம் நடந்ததைச் சொன்னேன். தராசு சரி, முறை சரி, எடை தப்பு, தப்பு என்னுடையது என்றேன். பாயின் மேல் பழியைப் போட ஆசையாகத்தான் இருந்தது. எனக்குச் சாட்சி சொல்ல அந்தக் குழவி ஒன்றே போதும். ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்த ஆளிடமும் வாயால் எடை கேட்டு எழுதுவேன்.

டக் இரும்புப் பிடியைத் துடைக்க ஆரம்பித்தார். நான் தராசைக் கட்டி வைத்துவிட்டு, குழந்தை சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை போன் வந்தது. பாயின் மகள். "ஆன்ட்டி, ஹீ இஸ் ஹியர்" என்றாள். பிறகு வாப்பா வாங்கிக்கொண்டார். "அதுக்கப்புறம் ஒரு பஞ்சர் இல்ல தங்கச்சி. புள்ள குக்கரப் பாத்துட்டு அழுவுறா." மகள் பின்னாலிருந்து, அழவில்லை என்று இங்கிலீஷில் கத்தினாள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது கட்டு பிரிக்கப்பட்டு தராசு பழைய இடத்தில் இருந்தது. அதன் மேல் மாஸ்கிங் டேப்: 'நிறைந்த பையோடு மட்டும்.' என் மேஜையின் கொக்கியில் ஒரு டூரிங் சைக்கிளின் வேலைச் சீட்டு தொங்கியது.

அதன் பிறகு நான்காண்டுகளில் நூற்றுக்கணக்கான மூட்டைகளை அந்தத் தராசில் நிறுத்தினேன். டென்ட்டுக்குள் சுருட்டிய பிரஷர் குக்கர், தண்ணீர் பாட்டிலில் நெய், ஹெல்மெட்டுக்குள் அப்பளம் எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது கடையில் புதிதாகச் சேர்ந்த இருவரும், வெப்சைட்டில் எடையை டைப் செய்தால் காற்றின் அளவு வந்துவிடுகிறது, தராசு எதற்கு என்கிறார்கள். அந்தக் கட்டத்தில் மக்கள் எந்த எடையை டைப் செய்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. டக் இன்றுவரை இருபத்து மூன்று மில்லிமீட்டரில் நூற்றிருபதுதான் அடிக்கிறார். முதுகுக்கு பெல்ட் போட்டிருக்கிறார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்கிறார்.

ஆனால் பாயின் கேள்வி கடையிலேயே தங்கிவிட்டது. நூற்றுக்கணக்கானவர்களை அனுப்பினேன், நான் போனதென்னவோ அதே இரண்டு மைல்தான். கேட்காதவர்களும் மனசுக்குள் கேட்பது எனக்குக் கேட்டது. கடையில் ஆண்டுக்கு இரண்டு வாரம்தான் லீவ். நானே சைக்கிளில் போக நினைத்த பயணத்துக்கு ஆறு வாரம் தேவைப்பட்டது. வேலையை விடுகிறேன் என்று டக்கிடம் சொன்னேன். பிடியைத் துடைக்கவில்லை. "பின்னால் எவ்வளவு அடிக்கப்போகிறாய்?" என்று மட்டும் கேட்டார்.

முந்தாநாள் இரவு நிறைந்த பையோடு எடை பார்த்தேன். நேற்றுக் காலை கிளம்பும் முன் மறுபடி பார்த்தேன். நாலரை பவுண்டு கூடியிருந்தது. வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பையில் சின்ன குக்கர் ஒன்றும் ஒரு டப்பா இட்லிப் பொடியும். "நாப்பது நாளும் ரொட்டியவா திம்ப?" என்றார். பொடியை வைத்துக்கொண்டு குக்கரைத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி எடை பார்த்தேன். பின்னால் நூற்றிருபது, முன்னால் அறுபத்தாறு. பின் டயரில் ஐம்பத்தைந்து, முன் டயரில் முப்பத்தைந்து.

மலர்க் குழுவினர் கட்டுரையை இன்றைக்குள் கேட்டிருந்தார்கள். மான்டரேயைத் தாண்டி ஒரு பூங்காவில், மர மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளை அந்தப் பாறையைக் கடப்பேன். ஏறக்குறைய இரண்டாயிரம் மைல் தள்ளி இருக்கும் ஹூஸ்டன் வரை போக வேண்டும். இதுவரை எண்பத்தோரு மைல், பாய்.